சலுகை விலையும் கூட்டுறவுப் பண்டகசாலையும்

கூட்டுறவுப் பண்டகசாலைகளின் பேரவைக் கூட்டங்களில் இந்நாளில் தவறாமல் எழும் வினா ஒன்று உண்டு. "கடைத்தெருவில் வந்துள்ள சூப்பர் மார்க்கெட்டில் சர்க்கரை கிலோவுக்கு 9 ரூபாய் குறைவாகக் கிடைக்கிறது. பின் எதற்காக நாம் சங்கக் கடைக்கு வரவேண்டும்?" என்று அங்கத்தினர்கள் கேட்கின்றனர். இக்கேள்வி நேர்மையானது. உழைத்துச் சேர்த்த காசை எங்கே செலவிடுவது என்று எண்ணிப் பார்ப்பது ஒவ்வொரு குடும்பத்தின் கடமையாகும். "கூட்டுறவுப் பற்று வேண்டும்" என்று உபதேசம் செய்வது இதற்கு விடையாகாது. கணக்கே விடை சொல்ல வேண்டும். அக்கணக்கைப் படிப்படியாகப் பிரித்துப் பார்ப்பதே இப்பாடத்தின் நோக்கம்.

திருவண்ணாமலை மக்களுக்கு விலை ஏறி இறங்குவது புதிய செய்தியன்று. பௌர்ணமி கிரிவலத்தன்றும் கார்த்திகைத் தீபத்தன்றும் பெருங்கூட்டம் கூடும்போது தேங்காயும் இளநீரும் பூவும் என்ன விலைக்குப் போகின்றன என்பதை நாம் அறிவோம். கூட்டம் கலைந்த மறுநாள் அதே பூ என்ன விலைக்குப் போகிறது என்பதையும் அறிவோம். இம்மாவட்டத்தில் பெரும்பாலோர் வாங்குபவர்கள் மட்டுமல்லர், விற்பவர்களும் ஆவர். ஆரணிப் பகுதியில் பட்டு நெய்கின்றனர். சமவெளியில் நெல்லும் நிலக்கடலையும் விளைவிக்கின்றனர். ஜவ்வாது மலையில் சாமை பயிரிடுகின்றனர். கடையில் விலை குறைந்தால் வாங்குபவராக நின்று மகிழ்கிறோம். அதே குறைவு நம் விளைபொருளின் தலையில் விழுந்தால் விற்பவராக நின்று வருந்துகிறோம். ஆதலின், குறைந்த விலையைக் கண்டவுடன் "எவ்வளவு குறைந்தது?" என்று கேட்பதோடு நாம் நின்றுவிடலாகாது. "இக்குறைவு யாருடைய பையிலிருந்து வருகிறது?" என்றும் கேட்க வேண்டும்.

1. குறைவு வரும் வழிகள் ஐந்து

முதல் வழி, சரக்கு விரைந்து சுழல்வது. இது முற்றிலும் நேர்மையான வழி. ஓர் உதாரணம் காண்போம். இரு கடைகள் ஒவ்வொன்றும் 1,00,000 ரூபாயைச் சரக்கில் முடக்கியிருப்பதாகக் கொள்வோம். முதற்கடை 100 ரூபாய்ச் சரக்கை 112 ரூபாய்க்கு விற்கிறது. ஆனால் அதன் சரக்கு ஆண்டுக்கு 6 முறைதான் விற்றுத் தீர்கிறது. அதற்குக் கிடைக்கும் மொத்த ஆதாயம் 72,000 ரூபாய். இரண்டாவது கடை 100 ரூபாய்ச் சரக்கை 105 ரூபாய்க்கே விற்கிறது. ஆனால் சரக்கு ஆண்டுக்கு 24 முறை விற்றுத் தீர்கிறது. அதற்குக் கிடைப்பது 1,20,000 ரூபாய். குறைத்து விற்றவனே கூடுதலாகச் சம்பாதித்தான். இதில் வஞ்சகம் ஏதுமில்லை. பெரிய கடைகளின் குறைந்த விலையில் ஒரு பகுதி இவ்வாறு வருவதே. அதனைக் குறை கூறுவதில் பயனில்லை, கற்றுக்கொள்வதே அறிவுடைமை.

இரண்டாம் வழி, உற்பத்தியாளர் தருவது. சோப்பு, பற்பசை, பிஸ்கோத்து முதலியவற்றைச் செய்யும் பெரிய நிறுவனங்கள், தம் சரக்கை அலமாரியில் கண்ணுக்கு நேரே அடுக்குவதற்கும், புதிய சரக்கைப் பழக்கப்படுத்துவதற்கும் கடைகளுக்குப் பணமாகவோ கழிவாகவோ கொடுக்கின்றன. அதில் ஒரு பங்கு சலுகையாக வாடிக்கையாளரை அடைகிறது. நூற்றுக்கணக்கான கிளைகள் உடைய நிறுவனத்துக்குக் கிடைக்கும் கழிவு, ஒற்றைக் கடை நடத்தும் சிறு வியாபாரிக்குக் கிடைப்பதில்லை.

மூன்றாம் வழி, அதே வாடிக்கையாளர் வாங்கும் வேறு சரக்குகள். சர்க்கரையில் விட்டதைப் பருப்பில் பிடிப்பது என்பது இதுவே. இதனை அடுத்த பகுதியில் கணக்கிட்டுக் காண்போம்.

நான்காம் வழி, முதலிட்டவர்களின் பணம். புதிய ஊரில் காலூன்ற விரும்பும் நிறுவனம், சில ஆண்டுகள் நட்டத்துக்கே விற்கத் துணிகிறது. வீட்டு வாசலுக்குச் சில நிமிடங்களில் மளிகை கொண்டுவந்து தரும் செயலி நிறுவனங்கள் பலவும் இவ்வாறே வளர்ந்தன. நட்டத்தை ஏற்கும் முதலாளி, அதனை என்றேனும் ஒரு நாள் திரும்பப் பெறும் எண்ணத்துடனேயே ஏற்கிறார்.

ஐந்தாம் வழி, விளைவித்தவன், நெய்தவன், சுமந்தவன் ஆகியோரின் கூலி. கொள்முதல் விலையை நெருக்குவது, பணத்தை மாதக்கணக்கில் தாமதிப்பது, தரம் குறைவு என்று சொல்லிச் சரக்கைத் திருப்புவது ஆகியவற்றால் வரும் குறைவு இவ்வகையைச் சேர்ந்தது. கடையில் தக்காளி வாங்கும்போது மகிழும் நாமே, தோட்டத்தில் தக்காளி விற்கும்போது இக்குறைவுக்கு விலை கொடுக்கிறோம்.

இந்த ஐந்தில் முதலாவது மட்டுமே நிலைத்து நிற்பது. இரண்டாவது, கொடுப்பவர் நிறுத்தினால் நின்றுவிடும். மூன்றாவது உண்மையில் குறைவே அன்று. நான்காவது ஒரு நாள் முடிவுறும். ஐந்தாவது சுற்றி வந்து நம்மையே தாக்கும்.

2. சலுகை அட்டையைப் படிக்கும் முறை

பொட்டலத்தின் மேல் அச்சிடப்பட்டுள்ள அதிகபட்ச சில்லறை விலை, அதாவது எம்.ஆர்.பி., பொருளின் சரியான விலை என்று பலர் கருதுகின்றனர். அஃது அவ்வாறன்று. 2009-ஆம் ஆண்டுச் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின் கீழ் இயற்றப்பட்ட 2011-ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகளின்படி, அஃது எல்லா வரிகளும் அடங்கிய உச்சவரம்பு மட்டுமே. அதற்கு மேல் விற்பது குற்றம். அதற்குக் கீழ் எவ்வளவு குறைத்தும் விற்கலாம். அவ்வுச்சவரம்பைக் குறிப்பவர் அரசினர் அல்லர், தயாரிப்பவரோ பொட்டலமிடுபவரோதாம். வரம்பை உயர்த்தி அச்சிட்டுவிட்டு அதிலிருந்து பாதியைக் கழிப்பது எவர்க்கும் எளிது. ஆதலின் "எம்.ஆர்.பி.யில் 50 சதவீதம் தள்ளுபடி" என்னும் அட்டை, வாங்குபவருக்கு மிச்சம் எவ்வளவு என்பதைத் தானே கூறுவதில்லை. பக்கத்துக் கடைகளில் அப்பொருள் என்ன விலைக்கு உண்மையில் விற்கிறது என்பதோடு ஒப்பிட்டாலன்றி உண்மை விளங்காது.

பின்வரும் மூன்று கணக்குகளில் உள்ள விலைகள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. படிப்பு வட்டத்தினர் தத்தம் ஊர் விலைகளை இட்டுப் போட்டுப் பார்க்கலாம்.

முதற்கணக்கு: சோப்பு ஒன்றின் எம்.ஆர்.பி. 45 ரூபாய். "இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்" என்கிறது அட்டை. மூன்று சோப்பு 90 ரூபாய். ஒன்று 30 ரூபாய். எம்.ஆர்.பி.யோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்கு மிச்சம்போல் தோன்றும். ஆனால் அதே சோப்பை ஊர் மளிகைக் கடையில் வழக்கமாக 32 ரூபாய்க்குக் கொடுக்கிறார்கள். அப்படியானால் உண்மையான மிச்சம் சோப்புக்கு 2 ரூபாய், நூற்றுக்கு ஆறேகால். அந்த 2 ரூபாயைப் பெறுவதற்கு ஒன்று தேவைப்பட்டவர் மூன்று வாங்கியிருக்கிறார்.

இரண்டாம் கணக்கு: 200 கிராம் பொட்டலம் ஒன்று 58 ரூபாய்க்கு விற்றது. இப்போது அதன் மேல் "4 ரூபாய் குறைப்பு" என்று ஒட்டி 54 ரூபாய்க்குக் கொடுக்கிறார்கள். எடையைப் பார்த்தால் 175 கிராம் என்றிருக்கிறது. முன்பு 100 கிராம் 29 ரூபாய். இப்போது 30 ரூபாய் 86 காசு. விலை குறைந்ததாகச் சொன்ன பொட்டலத்தில் விலை ஏறியிருக்கிறது. இத்தகைய மயக்கத்தைத் தவிர்க்கவே, 2021-இல் மேற்படி விதிகளுக்குச் செய்யப்பட்ட திருத்தம், பொட்டலங்களில் கிராமுக்கோ கிலோவுக்கோ மில்லி லிட்டருக்கோ இவ்வளவு என்று அலகு விலையையும் அச்சிட வகை செய்தது. அது சிறிய எழுத்தில் இருக்கும். பெரிய எழுத்தை விடுத்துச் சிறிய எழுத்தைப் படிப்பதே சிக்கனத்தின் முதற்பாடம்.

மூன்றாம் கணக்கே முக்கியமானது. சர்க்கரை கிலோ 42 ரூபாய்க்குக் கொள்முதலாகிறது. சூப்பர் மார்க்கெட் அதனை 35 ரூபாய்க்கு விற்கிறது. சங்கக் கடை 44 ரூபாய்க்கு விற்கிறது. சர்க்கரை மட்டும் வாங்கித் திரும்புவோர் சிலரே. ஒருவர் அதோடு ஒரு கிலோ துவரம் பருப்பு, ஒரு லிட்டர் கடலை எண்ணெய், அரைக் கிலோ புளி ஆகியவற்றையும் வாங்குகிறார். சங்கக் கடையில் இவை முறையே 150, 200, 80 ரூபாய். சூப்பர் மார்க்கெட்டில் 156, 206, 84 ரூபாய். சங்கக் கடையின் மொத்தப் பட்டியல் 474 ரூபாய். சூப்பர் மார்க்கெட்டின் பட்டியல் 481 ரூபாய். சர்க்கரையில் 9 ரூபாய் மிச்சம் பிடித்தவர் மற்ற மூன்றில் 16 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து, முடிவில் 7 ரூபாய் இழந்தார். இவ்வாறு நட்டத்துக்கு விற்கப்படும் சர்க்கரை, தூண்டிலில் கோத்த புழுவைப் போன்றது. எல்லாரும் விலையை மனப்பாடமாக அறிந்த பொருள்களே இதற்குத் தெரிந்தெடுக்கப்படுகின்றன. புளியின் விலையை நினைவில் வைத்திருப்போர் குறைவு.

இக்கணக்கு எப்போதும் இப்படியே முடியும் என்று நாம் கூறவில்லை. சில மாதங்களில் மொத்தப் பட்டியலும் பெரிய கடையில் குறைவாகவே இருக்கக் கூடும். அவ்வாறு இருந்தால் அதையும் மறைக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். நாம் வற்புறுத்துவது ஒன்றே: ஒரு பொருளின் விலையை ஒப்பிடாதீர், மாதப் பட்டியலை ஒப்பிடுங்கள்.

விலையாகத் தோன்றாத ஒரு விலையும் உண்டு. பணம் செலுத்துமிடத்தில் கைப்பேசி எண்ணைக் கேட்டு வாங்கி, வாங்கும் பொருளையெல்லாம் அவ்வெண்ணின் கீழ்ப் பதிந்துகொள்வது இப்போது வழக்கமாகியுள்ளது. அவ்வெண்ணைத் தர வேண்டுமென்று வாடிக்கையாளரைக் கட்டாயப்படுத்தலாகாது என 2023-ஆம் ஆண்டு மத்திய நுகர்வோர் விவகாரத் துறை அறிவுறுத்தியுள்ளது. எண் தராமலும் பொருள் வாங்கலாம் என்பதை அங்கத்தினர்கள் அறிந்திருக்க வேண்டும்.

3. போட்டிக்குப் பிறகு

கடைகள் ஒன்றோடொன்று போட்டியிட்டு விலையைக் குறைப்பது மக்களுக்கு நன்மைதானே என்று கேட்கலாம். நன்மையே. போட்டி நீடிக்கும் வரையில் நன்மையே. ஆனால் குறைந்த விலை தன் காலில் நிற்கிறதா, கடன் காலில் நிற்கிறதா என்பதைப் பார்க்க வேண்டும்.

நம் மாநிலமே இதற்கு ஒரு பாடம் தந்துள்ளது. 1997-இல் சென்னையில் சுபிக்ஷா என்னும் கடை தொடங்கப்பட்டது. குளிர்சாதன வசதியோ அலங்காரமோ இல்லாத சிறிய கடைகளைத் தெருத்தோறும் திறந்து, மளிகையையும் மருந்தையும், பின்னாளில் கைப்பேசியையும், பிற கடைகளைவிடக் குறைத்து விற்பதே அதன் முறை. செலவைச் சுருக்கி விலையைக் குறைத்த அம்முறையில் தவறில்லை. நடுத்தரக் குடும்பங்கள் அதனை விரும்பி வரவேற்றன. ஆனால் குறுகிய காலத்தில் நாடெங்கும் ஏறத்தாழ 1,600 கடைகளாக அது பெருகியது. அப்பெருக்கத்துக்குக் கடன் பணமே பெரிதும் ஆதாரமாயிற்று. கைப்பணம் வற்றியபோது சரக்கு வரவில்லை. சரக்கு இல்லாத கடைக்கு ஆள் வரவில்லை. 2009-இல் கடைகள் மூடப்பட்டன. ஊழியர்களின் சம்பளமும், சரக்கு கொடுத்தவர்களின் பாக்கியும், வங்கிகளின் கடனும் நிலுவையில் நின்றன. பல ஆண்டுகள் அக்கடைகளில் குறைந்த விலைக்கு வாங்கியவர்கள் பெற்ற ஆதாயத்தில் ஒரு பகுதியை, முடிவில் இவர்களே கொடுத்தார்கள் என்று சொல்லலாம்.

பிற நாடுகளின் அனுபவமும் நோக்கத்தக்கது. அமெரிக்காவின் வால்மார்ட் நிறுவனம் 1997-இல் ஜெர்மனியில் நுழைந்தது. அங்கே ஆல்டி, லிடில் என்னும் உள்நாட்டு மலிவு விலைக் கடைகளோடு அது போட்டியிட்டது. பால், வெண்ணெய் முதலியவற்றை அடக்க விலைக்கும் கீழே விற்கும் அளவுக்குப் போட்டி முற்றியது. 2000-ஆம் ஆண்டு அந்நாட்டின் போட்டிக் கண்காணிப்பு அலுவலகம் தலையிட்டு, அவ்வாறு விற்பதை நிறுத்துமாறு இக்கடைகளுக்கு உத்தரவிட்டது. சிறு கடைகள் அழிந்தால் பின்னர் மக்களே துன்புறுவர் என்பது அதன் கருத்து. 2006-இல் வால்மார்ட் ஜெர்மனியை விட்டு வெளியேறியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இப்போது மற்றொரு விதியும் உண்டு. தள்ளுபடி அறிவிக்கும் கடை, அதற்கு முந்திய 30 நாளில் தான் விற்ற மிகக் குறைந்த விலையைக் குறிப்பிட்டே ஆகவேண்டும். விலையை ஏற்றிவிட்டு இறக்குவதுபோல் காட்டும் வித்தைக்கு இது கடிவாளம். ஆஸ்திரேலியாவிலும் 2024-இல் நுகர்வோர் ஆணையம், அந்நாட்டின் இரு பெரும் மளிகை நிறுவனங்களாகிய கோல்ஸ், உல்வொர்த்ஸ் ஆகியவற்றின் மீது இத்தகைய குற்றச்சாட்டை முன்வைத்து வழக்குத் தொடுத்தது.

நம் நாட்டில் 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம், போட்டியாளரை ஒழிக்கும் நோக்கோடு அடக்க விலைக்குக் கீழ் விற்பதைத் தடை செய்கிறது. ஆயினும் சந்தையில் ஆதிக்க நிலை பெற்ற நிறுவனத்துக்கே அத்தடை பொருந்தும். ஆதிக்கம் பெறும் வரை குறைத்து விற்பவரை அது தடுப்பதில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வாங்குபவருக்கு நேரடியாகத் துணைநிற்கிறது. விலைக்குள் அடங்கிய ஒரு பொருளை இலவசம்போலத் தோன்றச் செய்வதை அச்சட்டம் நேர்மையற்ற வணிக முறை என்கிறது. புகார் கூற விரும்புவோர் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். பட்டியல் சீட்டு கையில் இருக்க வேண்டும்.

4. நெசவாளரும் தள்ளுபடியும்

தள்ளுபடி என்றவுடன் கைத்தறி நெசவாளருக்கு நினைவு வருவது வேறொன்று. 1935-இல் தொடங்கப்பெற்ற கோ-ஆப்டெக்ஸ் நிறுவனத்தின் விற்பனை நிலையங்களில் தீபாவளி, பொங்கல் பண்டிகைக் காலங்களில் தள்ளுபடி விற்பனை நடைபெறுவது மரபாகிவிட்டது. அதற்கு அரசு மானியம் துணை நிற்கிறது. யாருடைய பையிலிருந்து அத்தள்ளுபடி வருகிறது என்பது ஒளிவுமறைவின்றி எல்லார்க்கும் தெரியும். மறைவான சலுகைக்கும் இதற்கும் உள்ள பெரிய வேற்றுமை அதுவே. விசைத்தறித் துணியின் மலிவுக்கு எதிரே கைத்தறி நிற்பதற்கு இவ்வுதவி தேவையாயிற்று.

எனினும் இதிலும் நாம் கற்க வேண்டியது உண்டு. தள்ளுபடிக் காலம் முன்கூட்டியே தெரிந்திருப்பதால், வாங்குவோர் அதுவரை காத்திருக்கின்றனர். இடைப்பட்ட மாதங்களில் விற்பனை மந்தமாகி, சேலைகள் சங்கத்தில் தேங்குகின்றன. தேங்கிய சரக்கில் சங்கத்தின் நடைமுறை முதல் முடங்குகிறது. தள்ளுபடிக்குரிய மானியம் வந்து சேரத் தாமதமானால் அம்முடக்கம் நீள்கிறது. முதல் முடங்கினால் பாவும் பட்டு நூலும் கொடுப்பது குறைகிறது, தறி ஓய்கிறது. ஆகவே பண்டிகைத் தள்ளுபடி ஓர் ஊன்றுகோலேயன்றிக் காலன்று. புதிய கரை, புதிய வண்ணம், உறுதியான சாயம், ஆண்டு முழுவதும் நம்பத்தக்க ஒரே விலை ஆகியவையே நெசவாளர் சங்கத்தை நிலைநிறுத்தும்.

பயிரிடுவோர்க்கும் இதே நீதி. நிலக்கடலையை அறுவடை வாரத்திலேயே ஆளுக்கொரு பக்கமாக விற்றால் விலை சரியும். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் எடையிட்டு ஏலத்தில் விற்பதும், சங்கக் கிடங்கில் வைத்து ஈட்டுக் கடன் பெற்றுக் காத்திருப்பதும், செக்கில் ஆட்டி எண்ணெயாகச் சங்கக் கடைக்கே கொடுப்பதும் விலையைத் தாங்கிப் பிடிக்கும் வழிகள். 1999-இல் தமிழகத்தில் தொடங்கிய உழவர் சந்தைகளும் இந்நோக்கமுடையவையே. அங்கே அன்றன்றைய விலை பலகையில் எழுதப்படுகிறது. விற்பவனும் வாங்குபவனும் ஒரே பலகையைப் படிக்கின்றனர். விலையை வெளிப்படையாக எழுதுவதே பாதி நியாயம்.

5. ராக்டேல் நெசவாளர் காட்டிய வழி

இங்கிலாந்தில் ராக்டேல் என்னும் ஊரில் 28 பேர் சேர்ந்து 1844 டிசம்பரில் ஒரு சிறு கடை திறந்தனர். அவர்களுள் நெசவாளர் பலர். தலைக்கு ஒரு பவுன் வீதம் சேர்த்த 28 பவுனே கைம்முதல். வெண்ணெய், சர்க்கரை, மாவு, மெழுகுவத்தி போன்ற சில பண்டங்களே சரக்கு. கலப்படமும் கள்ள எடையும் கடன் வலையும் மலிந்திருந்த அக்காலத்தில், மற்றக் கடைகளைவிடக் குறைத்து விற்றுப் பெயர் வாங்க அவர்கள் முனையவில்லை என்பதை நாம் உன்னிப்பாக நோக்க வேண்டும். அவர்கள் கடைத்தெரு விலைக்கே விற்றனர். ஆனால் சுத்தமான சரக்கு, முழு எடை, ரொக்க விற்பனை என்னும் மூன்றையும் காத்தனர். கணக்கு முடிவில் மிஞ்சியதை, அவரவர் வாங்கிய அளவுக்கேற்ப அங்கத்தினர்க்கே திருப்பித் தந்தனர்.

இம்முறையின் நுட்பம் யாது? சலுகை தரும் கடை, விலையை முதலில் குறைத்துக் காட்டிப் பின்னர் வேறிடத்தில் வசூலிக்கிறது. ராக்டேல் கடை, நியாய விலையை முதலில் வாங்கிக்கொண்டு, கணக்கு முடிந்தபின் மிச்சத்தைக் கொடுத்தது. ஒருவர் நம் பண்டகசாலையில் மாதம் 4,000 ரூபாய்க்கு வாங்குவதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 48,000 ரூபாய். சங்கம் கொள்முதல் போனஸாக நூற்றுக்கு 2 வீதம் கொடுக்க முடிந்தால் அவருக்கு 960 ரூபாய் திரும்பும். அதற்கு எம்.ஆர்.பி.யும் இல்லை, நிபந்தனையும் இல்லை. தேவையற்ற மூன்றாவது சோப்பை வாங்க வேண்டியதும் இல்லை.

இவ்வழியைப் பின்பற்றி 1904-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. மகாகனம் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் அதன் தொடக்கத்தில் ஈடுபட்ட பெரியோர்களுள் ஒருவர். பின்னர்க் கோவையில் சிந்தாமணி, மதுரையில் பாண்டியன், சென்னையில் காமதேனு எனப் பெரிய கூட்டுறவு அங்காடிகள் எழுந்தன. பொருள்களை வாடிக்கையாளர் தாமே எடுத்துப் பார்த்து வாங்கும் முறையைப் பல ஊர்களில் மக்களுக்கு முதலில் பழக்கியவை தனியார் கடைகள் மட்டுமல்ல, கூட்டுறவு அங்காடிகளும்தாம்.

6. சங்கக் கடை செய்ய வேண்டியவை

இவ்வளவு சிறந்த கொள்கை இருந்தும் சங்கக் கடைகள் சில ஏன் நலிந்தன? பிறர் போட்டி மட்டுமே காரணமன்று. விற்காத சரக்கைக் கிடங்கில் தேக்குதல், வேண்டியவர்க்குக் கடன் கொடுத்தல், மக்கள் வரும் மாலை வேளையில் கடையைச் சாத்துதல், நிர்வாகக் குழுவினர் தம் வீட்டு மளிகையை வெளியே வாங்குதல் ஆகிய நோய்களை நாம் நன்கறிவோம். இவற்றைத் தீர்க்காமல் போட்டியைப் பழிப்பது, உடைந்த கலத்தை வைத்துக்கொண்டு மழையைப் பழிப்பதாகும்.

ஆதலின் பின்வருவனவற்றைச் சங்கங்கள் மேற்கொள்ளலாம்.

ஒன்று: அன்றாடம் தேவைப்படும் முப்பது பொருள்களுக்குக் கிலோ விலை, லிட்டர் விலைப் பலகையைக் கடை வாசலில் எழுதி வைத்தல். அதே பொருள்களின் கடைத்தெரு விலையையும் வாரம் ஒரு முறை விசாரித்துப் பக்கத்தில் எழுதுதல். நம் விலை கூடுதலாக இருக்கும் பொருளையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

இரண்டு: மூன்று மாதம் அசையாத சரக்கை மறுபடி கொள்முதல் செய்யாதிருத்தல். குறைந்த முதலை விரைந்து சுழற்றுவதே பெரிய கடைகளின் உண்மையான வலிமை. அதனை நாமும் கைக்கொள்ளத் தடையில்லை.

மூன்று: தனித்தனியே கொள்முதல் செய்யாமல், பல சங்கங்கள் மாவட்ட மொத்தப் பண்டகசாலை வழியாகச் சேர்ந்து கொள்முதல் செய்தல். பல கிளைகள் உள்ளவனுக்குக் கிடைக்கும் கழிவு அப்போதுதான் நமக்கும் கிட்டும்.

நான்கு: அரிசி, கடலை எண்ணெய், சாமை, வெல்லம் ஆகியவற்றை இயன்றவரை நம் அங்கத்தினரிடமிருந்தே பெற்று, விளைந்த ஊரின் பெயரோடு விற்றல். உழவர் பெற்ற விலை இவ்வளவு, அரைவைக்கும் பொட்டலத்துக்கும் ஏற்றுகூலிக்கும் ஆன செலவு இவ்வளவு, சங்கத்தின் ஆதாயம் இவ்வளவு என்று எழுதி ஒட்டுதல். எந்த சூப்பர் மார்க்கெட்டும் ஒட்டத் தயங்கும் அட்டை அது. நமக்கு அதுவே சலுகை அட்டை.

ஐந்து: ரொக்க விற்பனை, ஒவ்வொரு விற்பனைக்கும் சீட்டு, ஆண்டு முடிவில் சட்டமும் துணைவிதிகளும் அனுமதிக்கும் அளவுக்குக் கொள்முதல் போனஸ்.

அங்கத்தினர் கடமையும் ஒன்றுண்டு. சங்கக் கடையில் வாங்காமல் அதன் பேரவையில் மட்டும் பேசுவது பயன் தராது. மாதப் பட்டியலில் பாதியையேனும் இங்கே வாங்கிப் பார்க்கலாம். குறை கண்டால் அங்கேயே எழுத்தில் கூறலாம். வியாபாரக் கணக்கைக் கேட்டுப் படிக்கலாம்.

சங்கக் கடை எல்லாரையும்விடக் குறைத்து விற்க வேண்டும் என்பதில்லை. அவ்வோட்டத்தில் பெரும் பணத்தோடு வருபவரை நாம் வெல்லவும் முடியாது. ஊருக்கு ஓர் அளவுகோலாக நிற்பதே அதன் பணி. கடைத்தெருவில் முழுப்படி அளக்கும் கடை ஒன்று இருந்தால், மற்றக் கடைகளும் படியைக் குறைக்கத் தயங்கும். அக்கடை மூடப்பட்டால், பருப்பின் நியாய விலை என்ன, நிலக்கடலையின் நியாய விலை என்ன என்று ஒப்பிட்டுப் பார்க்க ஊரில் இடமிருக்காது. அப்போது சலுகை அட்டையில் எழுதியதே விலையாகிவிடும். அளவுகோலைக் காப்பது அதில் பங்குப் பணம் கட்டிய நம் ஒவ்வொருவர் பொறுப்பு.

படிப்பு வட்டத்திற்குரிய வினாக்கள்

1. விலைக் குறைவு வரும் ஐந்து வழிகள் யாவை? அவற்றுள் நிலைத்து நிற்பது எது? ஏன்?

2. உங்கள் வீட்டுக்குத் தேவையான பத்துப் பொருள்களின் இம்மாத விலையைச் சங்கக் கடை, மளிகைக் கடை, சூப்பர் மார்க்கெட் மூன்றிலும் குறித்து, மொத்தப் பட்டியலை ஒப்பிடுக.

3. சலுகையில் வாங்கிய பொட்டலம் ஒன்றை எடுத்து அதன் அலகு விலையைக் கண்டுபிடிக்க. சலுகையின்றி விற்கும் வேறு பொட்டலத்தோடு ஒப்பிட்டால் மிச்சம் எவ்வளவு?

4. பண்டிகைத் தள்ளுபடியால் உங்கள் நெசவாளர் சங்கத்தில் சரக்கு தேங்கும் மாதங்கள் எவை? அம்மாதங்களில் விற்பனையைப் பெருக்க நீங்கள் கூறும் வழி யாது?

5. உங்கள் பண்டகசாலையில் மூன்று மாதமாக அசையாத சரக்குகளின் பட்டியலை நிர்வாகக் குழுவிடம் கேட்டுப் பெறுக. அதில் முடங்கியுள்ள முதல் எவ்வளவு?